பன்னிரண்டாவது நகர்த்தல்

2013 ஜனவரி 15. நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூரான வைக் ஆன் ஜீயில் டாட்டா ஸ்டீல் சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்று நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். எதிரே கறுப்புக் காய்களுடன் அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். பன்னிரண்டாவது நகர்த்தலில் அரோனியன் தன் குதிரையை ஜி5 கட்டத்துக்குத் தாவ விட்டார்.

அந்தக் குதிரை குறிவைத்தது ஹெச்7 கட்டத்தை. கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாயின் இடம் அது. அதன்மேல் வெள்ளையின் ராணியும் மந்திரியும் ஏற்கெனவே ஒரே சாய்கோட்டில் கண் வைத்திருந்தன. இப்போது மூன்றாவதாகக் குதிரையும் சேர்ந்துகொண்டது. சதுரங்கம் தெரிந்த யாரிடம் இந்த நிலையைக் காட்டினாலும், முதலில் ராஜா பக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் சொல்வார்கள். ஆனந்த் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையின் மறுபக்கத்தில் சி6இல் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி சி5இல் வைத்தார்.

அதன் பிறகு ஆட்டம் பதினோரு நகர்த்தல்தான் நீடித்தது. 23ஆவது நகர்த்தலைப் பார்த்ததும் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் அவர் அப்போது 2800 தரப்புள்ளிகளைத் தாண்டியிருந்த ஒரு சிலரில் ஒருவர்.

ஒரு சிப்பாயின் ஒரு கட்ட நகர்வில் என்ன இருக்கிறது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். அதற்கு விடை சொல்ல ஆட்டத்தின் முதல் நகர்த்தலுக்கே போக வேண்டும், ஏனென்றால் சி5 என்ற எண்ணம் பன்னிரண்டாவது நகர்த்தலில் பிறந்தது அல்ல.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 வழிகள் இருக்கின்றன. எட்டுச் சிப்பாய்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம் என்பதால் 16. இரண்டு குதிரைகள் ஆளுக்கு இரண்டு இடங்களுக்குத் தாவலாம் என்பதால் 4. கறுப்புக்கும் அதே 20. ஆக இருவரும் ஒரு முறை ஆடி முடித்ததும் 400 வழிகள். வெள்ளை மீண்டும் ஆடியதும் அது 8,902 ஆகிறது; கறுப்பு பதில் சொன்னதும் 1,97,281. மூன்றாவது முறை வெள்ளை ஆடும்போது 48,65,609. அதற்குக் கறுப்பின் பதிலோடு 11,90,60,324. ஆளுக்கு மூன்றே நகர்த்தல், அதற்குள் பதினோரு கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு முழு ஆட்டம் எத்தனை வகையாகப் போகலாம் என்று 1950இல் கிளாட் ஷானன் தோராயமாகக் கணக்கிட்டபோது 1க்குப் பின்னால் 120 சுழி போட வேண்டியிருந்தது. தகவல் தொழில்நுட்பத்துக்குக் கணித அடித்தளம் போட்ட அதே ஷானன்தான்.

இவ்வளவு பெரிய காட்டில் மனிதர்கள் தொலைந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவை அர்த்தமில்லாத வழிகள் என்பதே. அர்த்தமுள்ள தொடக்கங்களைத்தான் ஓப்பனிங் என்கிறார்கள். அவற்றுக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, அட்டவணை எண்கூட உண்டு. ஏ முதல் இ வரை ஐந்து எழுத்துகள், ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை எண்கள் என்று மொத்தம் 500 பெட்டிகளில் ஓப்பனிங்குகளை அடுக்கி வைத்திருக்கிறது சதுரங்க உலகம். ஆனந்தும் அரோனியனும் அன்று ஆடியது டி வரிசையைச் சேர்ந்தது. அதன் பெயர் செமி ஸ்லாவ். அதற்குள் மெரான் என்ற கிளை.

பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எட்டுக் கோடுகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். மூலையில் நிற்பது யானை, அதற்கு அடுத்து குதிரை, அதற்கு அடுத்து சாய்வாகப் போகும் மந்திரி.

வெள்ளை டி4, கறுப்பு டி5. நடுப்பலகையில் இரண்டு சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை சி4 வைத்து அந்த டி5 சிப்பாயை இடிக்கிறது. கறுப்பு சி6 வைத்து முட்டுக் கொடுக்கிறது. இதுதான் ஸ்லாவ். அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6, வெள்ளையின் இன்னொரு குதிரை சி3. இப்போது கறுப்பு இ6 வைத்து இன்னொரு முட்டும் கொடுக்கிறது. செமி ஸ்லாவ் என்ற பெயர் இந்த இடத்தில்தான் வருகிறது.

இரண்டு முட்டுக் கொடுத்த கோட்டை உறுதியாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சி8இல் நிற்கும் கறுப்பு மந்திரிக்கு வழியில்லாமல் போய்விடுகிறது. அது வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நடக்கும் மந்திரி. ஒரு பக்கம் இ6 சிப்பாய் அடைக்கிறது. பி7க்குப் போனால் சி6 சிப்பாய் மறிக்கிறது. செமி ஸ்லாவ் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் தலைவலி இந்த மந்திரிதான். அதற்கு எப்போது, எப்படி வழி திறப்பது என்பதைச் சுற்றியே இந்த ஓப்பனிங்கின் நூறாண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

மெரான் கிளை அதற்கு ஒரு பதில். வெள்ளை இ3 வைக்கிறது. கறுப்பு தன் இன்னொரு குதிரையை டி7இல் வைக்கிறது. வெள்ளை மந்திரி டி3க்கு வருகிறது. அது வந்து உட்கார்ந்த மறு நிமிடமே கறுப்பு டி5 சிப்பாயால் சி4 சிப்பாயை வெட்டுகிறது. திரும்ப வெட்ட அந்த மந்திரி மீண்டும் ஒரு முறை நகர வேண்டும், அதனால் வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் வீண். மந்திரி சி4இல் வெட்டியதும் பி5 சிப்பாய் அதைத் துரத்துகிறது. அது மறுபடி டி3க்குத் திரும்புகிறது. இந்த அலைக்கழிப்பில் கறுப்பு பி7 கட்டத்தைக் காலி செய்துகொண்டது. பூட்டப்பட்ட மந்திரி இனி அங்கே போய் உட்காரலாம். முன்னால் சி6 சிப்பாய் மட்டும்தான் தடை.

மானகிரி, காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் தலைவாசலில் நின்றால் வளவு தாண்டி, கட்டு தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். நடுவில் ஒரே ஒரு கதவைச் சாத்திவிட்டால் அவ்வளவு நீளமும் இல்லாமல் போகும். பி7இல் நிற்கும் மந்திரிக்கு சி6 சிப்பாய் அந்தச் சாத்திய கதவு. அது ஒரு கட்டம் முன்னால் நகர்ந்தால் பி7, சி6, டி5, இ4, எஃப்3, ஜி2 என்று வெள்ளை ராஜாவின் வாசல் வரை ஒரே கோடு. ஆகவே சி5 என்பது இந்த ஓப்பனிங்கின் நோக்கம். கறுப்பு ஆடிய ஒவ்வொரு நகர்த்தலும், அதைச் செய்யக் கூடிய ஒரு நாளுக்கான ஏற்பாடு.

மெரான் என்பது இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியில் உள்ள மெரானோ நகரத்தின் பெயர். 1924இல் அங்கு நடந்த போட்டியில் அகிபா ரூபின்ஸ்டைன் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக இந்த முறையை ஆடி வென்றார். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. போலந்தில் பிறந்த இந்த ரூபின்ஸ்டைனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

வைக் ஆன் ஜீக்குத் திரும்புவோம். எட்டாவது நகர்த்தலில் ஆனந்த் இன்னொரு மந்திரியை டி6இல் வைத்தார். இருவரும் ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். அரோனியன் ராணியை சி2இல் வைத்தார். ஆனந்த் மந்திரியை பி7இல் வைத்தார். அரோனியன் ஏ3 வைத்தார். ஆனந்த் மூலை யானையை சி8க்குக் கொண்டுவந்தார். இந்த யானை நகர்வை அவசரமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. அது நிற்பது சி கோடு. அதே கோட்டில், சி2இல், வெள்ளை ராணி. நடுவில் சி6 சிப்பாயும் சி3 குதிரையும். சி6 சிப்பாய் நகர்ந்தால் மந்திரிக்கு மட்டுமல்ல, இந்த யானைக்கும் வழி திறக்கத் தொடங்கும்.

ஜி5க்குக் குதிரை வந்தது, சி5 வைக்கப்பட்டது. அரோனியன் குதிரையால் ஹெச்7 சிப்பாயை வெட்டினார். இப்போது அந்தக் குதிரை எஃப்8இல் நிற்கும் யானையையும் எஃப்6இல் நிற்கும் குதிரையையும் ஒருசேர மிரட்டுகிறது. ஆனந்த் எஃப்6 குதிரையை ஜி4க்குப் பாய்ச்சினார். யானை போனால் போகட்டும். டி6 மந்திரியும் ஜி4 குதிரையும் சேர்ந்து ஹெச்2ஐக் குறிவைத்தன. கறுப்பு ராணி ஹெச்4க்கு வந்துவிட்டால் வெள்ளையின் கதி அதோகதி. அரோனியன் எஃப்4 வைத்து மந்திரியின் பாதையை மறித்தார். அந்த மறிப்பே ஜி1இல் நிற்கும் ராஜாவுக்கு வேறொரு சாய்கோட்டைத் திறந்துவிட்டது.

ஆனந்த் சி5 சிப்பாயால் டி4 சிப்பாயை வெட்டினார். இ சிப்பாய் திரும்ப வெட்டியது. பதினைந்தாவது நகர்த்தலில் கறுப்பு மந்திரி சி5இல் போய் நின்றது. வெள்ளைச் சிப்பாய் கைநீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் டி7 குதிரை திரும்பி வெட்டும்; டி கோடு திறக்கும்; டி4இல் ராணி வந்து செக் சொல்லும். அரோனியன் எடுக்கவில்லை. டி3 மந்திரியை இ2க்கு இழுத்து ஜி4 குதிரையைத் தாக்கினார்.

அப்போதுதான் அந்த ஆட்டத்தின் உச்சம் வந்தது. ஆனந்த் டி7 குதிரையை இ5இல் வைத்தார். அங்கே அதை இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் வெட்டலாம். பலகையைப் பாருங்கள்: சி5இல் மந்திரி, இ5இல் ஒரு குதிரை, ஜி4இல் இன்னொரு குதிரை, எஃப்8இல் யானை. கறுப்பின் நான்கு பெரிய காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்குக் காத்து நிற்கின்றன. அவற்றில் எதைத் தொட்டாலும் வெள்ளைக்குக் கேடு.

உதாரணத்துக்கு எஃப் சிப்பாயால் இ5 குதிரையை வெட்டினால், ராணி டி4இல் செக். ராஜா ஹெச்1க்கு ஒதுங்கும். ராணி ஜி1க்கே போய் மறுபடி செக் சொல்லும். ராஜாவால் வெட்ட முடியாது, சி5 மந்திரி பின்னால் காவல். யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கும். ஜி4 குதிரை எஃப்2க்குத் தாவும். மாட். ராணியைக் கொடுத்துக் குதிரையால் முடிப்பது. சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் இந்த மாட்டைப் புத்தகப் புதிராகத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். உலக சாம்பியன் ஆட்டத்தின் ஓரத்தில் அது நிழலாக நின்றது.

அரோனியன் மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். சி5 மந்திரி டி4 சிப்பாயை வெட்டிச் செக் சொன்னது. ராஜா ஹெச்1. இ5 குதிரை ஜி4 மந்திரியை வெட்டியது. அரோனியன் கடைசியில் எஃப்8 யானையை எடுத்துக்கொண்டார். எல்லோரும் எதிர்பார்ப்பது அந்தக் குதிரையைக் கறுப்பு திருப்பி வெட்டுவதைத்தான். ஆனந்த் எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளினார். அது ஜி4 குதிரைக்குக் காவல். கூடவே சி2இலிருந்து ஹெச்7 வரை போகும் வெள்ளை ராணியின் பாதைக்கும் பூட்டு. ஒரு யானை குறைவாக இருக்கும்போது அமைதியாக ஒரு சிப்பாய் நகர்த்தல். பார்வையாளரின் கண்ணுக்குப் பலி கொடுப்பதுதான் அழகு. ஆட்டக்காரர்கள் ரசிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி நகர்த்தலைத்தான்.

ஹெச்4ஐக் காக்க வெள்ளைக் குதிரை ஜி6க்குத் தாவியது. கறுப்பு ராணி எஃப்6க்கு வந்தது, வெள்ளை ஹெச்3, ராணி ஜி6 குதிரையை வெட்டியது. வெள்ளை ராணி இ2. கறுப்பு ராணி ஹெச்5. ஹெச்3 சிப்பாயைக் காக்க ஜி2 சிப்பாய் உதவாது, அது பி7 மந்திரியின் கோட்டில் கட்டுண்டு கிடக்கிறது. பத்து நகர்த்தலுக்கு முன் சி5 திறந்துவிட்ட அதே கோடு. ஆகவே வெள்ளை ராணி டி3க்கு வந்து, மூன்றாம் வரிசை வழியாக ஹெச்3ஐப் பார்த்துக்கொண்டது. கறுப்பு மந்திரி இ3இல் வந்து நடுவில் குறுக்கே நின்றது. அரோனியன் கைகொடுத்தார்.

போட்டி அரங்கிலேயே பலருக்கு நினைவுக்கு வந்தது 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் கெயார்க் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டம். அங்கும் கறுப்பின் இரண்டு மந்திரிகள் பக்கத்துப் பக்கத்துச் சாய்கோடுகளில் வெள்ளை ராஜாவைப் பார்த்தபடி நின்றன. அங்கும் ஜி4இல் குதிரை, சி கோட்டில் யானை, ஹெச் கோட்டுக்கு வரும் ராணி. ஆனந்துக்கும் அந்த ஒற்றுமை தெரிந்திருந்தது. ஆட்டத்துக்குப் பின் அதைக் குறிப்பிட்டார். ஓப்பனிங்கும் ரூபின்ஸ்டைனுடையது, முடிவும் ரூபின்ஸ்டைனுடையதன் சாயல்.

இதில் எவ்வளவு ஆனந்த் வீட்டில் தயாரித்துக்கொண்டு வந்தது, எவ்வளவு பலகையில் கண்டுபிடித்தது? 2012 மே மாதம் மாஸ்கோவின் த்ரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் போரிஸ் கெல்ஃபாண்டை எதிர்த்து உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டபோது செய்த தயாரிப்பில் இந்தக் கருத்து இருந்ததாக ஆனந்தே சொன்னார். கெல்ஃபாண்ட் அந்தப் பாதையில் வரவில்லை. ஆறு ஆறு என்று சமனாகி, அதிவேக ஆட்டங்களில் ஆனந்த் இரண்டரைக்கு ஒன்றரை என்று ஜெயித்தார். பயன்படாத சரக்கு எட்டு மாதம் கிடந்தது. வைக் ஆன் ஜீயில் அரோனியன் தெரியாமல் அதன்மேல் கால் வைத்தார்.

செமி ஸ்லாவ் ஆனந்துக்குப் பழகிய நிலம்தான். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டப் போட்டி நடந்தபோது, மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புடன் இதே மெரானை ஆடி இரண்டையும் வென்றார். பீட்டர் ஹைன் நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூர்யசேகர் கங்குலி, ரதோஸ்லாவ் வோய்டாஷெக் ஆகியோர் அவருக்குத் துணையாக உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். ஓப்பனிங் தயாரிப்பு என்பது தனி மனித வேலையாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது.

கணினி இருந்தால் எல்லாம் மனப்பாடம்தானே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வியை ஓர் உளவியல் ஆய்வு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, வேறு உருவத்தில், கேட்டிருக்கிறது. நெதர்லாந்து உளவியலாளர் அத்ரியான் டெ க்ரூட் தானும் நல்ல ஆட்டக்காரர். ஒலிம்பியாடில் தன் நாட்டுக்காக ஆடியவர். வல்லுநர்கள் மற்றவர்களைவிட எத்தனை நகர்த்தல் கூடுதலாக முன்னால் பார்க்கிறார்கள் என்று அவர் 1940களில் ஆராய்ந்தார். எதிர்பார்த்த அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லாமல், எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் மாற்றம் இருந்தது. நல்ல நகர்த்தல் அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டுவிடுகிறது.

1973இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரு மாஸ்டர், ஒரு நடுத்தர ஆட்டக்காரர், ஒரு கற்றுக்குட்டி. மூவருக்கும் உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தார்கள். பிறகு காலிப் பலகையில் அதை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் முதல் பார்வையிலேயே ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். நடுத்தரக்காரர் எட்டு, கற்றுக்குட்டி நான்கு. அடுத்து, அதே காய்களை ஒழுங்கில்லாமல் கலைத்துப் போட்டு அதே ஐந்து நொடி காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை காணாமல் போனது. மூவரும் சில காய்களுக்கு மேல் தேறவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் கலைத்துப் போட்ட நிலையிலும் மாஸ்டருக்குச் சிறு அனுகூலம் உண்டு என்று திருத்தின. மையக் கண்டுபிடிப்பு அப்படியே நிற்கிறது.

மாஸ்டருக்கு நினைவாற்றல் கூடுதல் என்பதல்ல இதன் பொருள். அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கோட்டைக்குள் போன ராஜா, அதற்கு முன் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை, இவை ஐந்தும் அவருக்கு ஒரே உருவம். இப்படிப்பட்ட உருவங்கள் ஒரு வல்லுநரின் நினைவில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று சைமன் மதிப்பிட்டார். பொருளாதாரத்துக்காக 1978இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான்.

ஆனந்தின் பன்னிரண்டாவது நகர்த்தலை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மனப்பாடமா, மேதைமையா என்ற கேள்வியே கொஞ்சம் தடுமாறுகிறது. எட்டு மாதத்துக்கு முன் பார்த்த வரிசையின் ஒவ்வொரு கிளையும் யாருக்கும் நினைவிருக்காது. நினைவில் நிற்பது உருவம்: இரண்டு மந்திரிகள், திறந்த சி கோடு, ஜி4 குதிரை, காவல் இல்லாத ஹெச்2. அந்த உருவம் இருப்பவருக்கு, மறந்துபோன நகர்த்தலைப் பலகையில் மறுபடி கண்டுபிடிக்க முடியும். உருவம் இல்லாதவருக்கு இருபது நகர்த்தல் ஒப்பித்தாலும் இருபத்தொன்றாவதில் கை நடுங்கும்.

மாவட்ட அளவிலான எந்தப் பள்ளிப் போட்டிக்குப் போனாலும் இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல் சுற்று தொடங்கிய சில நிமிடத்திலேயே ஒன்றிரண்டு பிள்ளைகள் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுவார்கள். ‘நாலு மூவ் மேட்’ விழுந்திருக்கும். இ4, ராணி ஹெச்5, மந்திரி சி4, ராணி எஃப்7இல் வெட்டி மாட். மூன்றாவது நகர்த்தலில் ஜி6 வைத்து ராணியை விரட்டத் தெரிந்த பிள்ளை எதிரே உட்கார்ந்தால் கதை வேறு. ராணி எஃப்3க்கு ஓடி மறுபடி மிரட்டும். குதிரை எஃப்6க்கு வந்து அதையும் அடைக்கும். அதற்கப்புறம் என்ன செய்வதென்று அந்தப் பொறிக்காரருக்குத் தெரியாது. வெளியே வந்த ராணி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் எதிரி தன் காய்களையெல்லாம் இறக்கிவிடுவான். பொறியைக் கற்றுக்கொடுத்த அண்ணன்மார்களும் யூடியூபும் இந்தப் பாகத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சதுரங்கம் இந்த நிலையிலேயே நிற்கவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் காரைக்குடி எம். பிரனேஷ். 2023 ஜனவரியில், 16 வயதில், ஸ்டாக்ஹோமில் நடந்த ரில்டன் கோப்பையில் 9க்கு 8 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்து, 2500 தரப்புள்ளியைத் தாண்டி இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆர். பி. ரமேஷ் பயிற்சியில் வளர்ந்தவர். 2025 ஆகஸ்டில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவிலும் 9க்கு 6.5 எடுத்து முதலிடம். 1988இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது இந்தியாவில் அவர் ஒருவர்தான். அடுத்த 35 ஆண்டுகளில் அந்தப் பட்டியல் சிவகங்கை மாவட்டம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

ஓப்பனிங் தயாரிப்பே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. அரோனியனை வென்ற அதே 2013ஆம் ஆண்டு நவம்பரில், சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில், ஆனந்த் மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். கார்ல்சனின் உத்தி எளிமையானது: எதிரி மாதக்கணக்கில் தோண்டி வைத்த சுரங்கத்துக்குள் போகவே கூடாது. ஐந்தாவது ஆட்டம் செமி ஸ்லாவ் பக்கமாகத்தான் போனது. நான்காவது நகர்த்தலிலேயே கார்ல்சன் இ4 வைத்து வேறு தெருவுக்குத் திருப்பினார். ராணிகள் சீக்கிரம் பலகையை விட்டுப் போயின. பெரிதாக எதுவும் இல்லாத ஒரு யானை இறுதியாட்டத்தை இழுத்து இழுத்து 58ஆவது நகர்த்தலில் வென்றார். போட்டி முடிவு ஆறரைக்கு மூன்றரை. வைக் ஆன் ஜீ ஆட்டத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்த ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை.

ஓப்பனிங் தயாரிப்பின் மீதான சலிப்பு ஒன்றும் புதிதல்ல. ஓப்பனிங் மனப்பாடம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி பாபி ஃபிஷர் 1996இல் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கும் முறையை முன்வைத்தார். 960 தொடக்க நிலைகள், பழைய அடுக்கைத் தவிர எதற்கும் புத்தகம் இல்லை. அது இன்றும் பெரிய போட்டிகளில் ஆடப்படுகிறது. பழைய அடுக்கு ஒழிந்துபோகவில்லை.

அதற்கு ஒரு காரணத்தை 2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபாஜீரோ காட்டியது. டீப்மைண்ட் நிறுவனத்தின் இந்த நிரலுக்கு விதிகளைத் தவிர எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டு, அன்றைய வலிமையான நிரலான ஸ்டாக்ஃபிஷ் 8உடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28இல் வென்றது, 72ஐச் சமன் செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. தனியாகக் கற்ற காலத்தில் மனிதர்கள் பல தலைமுறையாக ஆடிவந்த பிரபலமான ஓப்பனிங்குகளைத் தானாகவே கண்டுபிடித்தது. சிலவற்றைக் கொஞ்ச காலம் ஆடிப் பார்த்துவிட்டு ஒதுக்கியது. ஓப்பனிங் வெறும் சம்பிரதாயமாக இருந்திருந்தால் ஒரு புத்தகமும் படிக்காத இயந்திரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. நடுப்பலகை, காய்களின் பாதை, ராஜாவின் பத்திரம், இவற்றின் கணக்கு யார் போட்டாலும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது.

வீட்டில் சதுரங்கம் கற்கும் பிள்ளை இருந்தால் இந்த ஆட்டத்தை முதலில் பதினோராவது நகர்த்தல் வரை மட்டும் அடுக்கிக் கொடுங்கள். பி7 மந்திரிக்கு வழி எங்கே என்று கேளுங்கள். சி5 என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஓப்பனிங் புரிந்துவிட்டது. நகர்த்தல் வரிசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு மீதியை ஆடிக் காட்டி 21ஆவது நகர்த்தலில் நிறுத்துங்கள். கறுப்பு ராணி ஜி6 குதிரையை வெட்டி முடித்த நிலை. அரோனியன் அடுத்து ராணியை இ2க்குக் கொண்டுபோகாமல், ஆசைப்பட்டு ஹெச் சிப்பாயால் ஜி4 குதிரையை வெட்டியிருந்தால் ஒரே நகர்த்தலில் மாட். கறுப்பு ராணியை இரண்டு வெவ்வேறு கட்டங்களில் வைத்து அதை முடிக்கலாம். இரண்டையும் கண்டுபிடித்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.